பொழுதுபோக்கு கைவினை நகை பகுதிநேரத் தொழிலாவது எப்போது? சித்தூர், திருப்பதி பகுதியினர் அறிய வேண்டிய கணக்குகள்

திருப்பதி: உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக ஒரு பெண் தன் கையால் செய்த பட்டுநூல் வளையலைப் பார்த்து, நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கின்றனர். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் மேலும் பத்துப் பேர் கேட்கின்றனர். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டிலிருந்தபடியே கைவினை நகை விற்கும் பெண்கள் பலருக்குத் தொழில் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால், சில மாதங்கள் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது, விற்பனை நன்றாக நடந்திருந்தும் கையில் பணம் நிற்கவில்லை என்ற நிலையும் பலருக்கு நேர்கிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவோ, வாடிக்கையாளர் குறைவோ அல்ல. மணி, நூல், கொக்கி ஆகியவற்றின் விலையைக் கணக்கில் எழுதுபவர்கள், தங்கள் உழைப்பு நேரத்தை எழுதுவதில்லை என்பதே முதன்மைக் காரணம். அந்த நேரத்துக்கும் கூலி எழுதப்படும் நாளில்தான் பொழுதுபோக்கு தொழிலாகிறது. அதை எப்படிச் செய்வது, எங்கு விற்பது, எந்தச் சட்டங்களைக் கவனிப்பது, பயிற்சியும் கடனும் எங்கு கிடைக்கும் என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

ஒரு ஜோடி ஜிமிக்கியின் உண்மை விலை

எடுத்துக்காட்டாக, ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். இங்கு தரப்படும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்கான உதாரணங்களே. ஒவ்வொருவரும் தங்கள் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

களிமண், வண்ணம், கொக்கி ஆகியவற்றுக்கு 40 ரூபாய், பெட்டிக்கும் உறைக்கும் 15 ரூபாய், மின்சாரம், கைப்பேசி இணையம், கருவித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 15 ரூபாய் என வைத்துக்கொண்டால் மொத்தம் 70 ரூபாய். சுடும்போதும் அனுப்பும்போதும் பத்தில் ஒன்று உடையும் என்று கொண்டால் மேலும் 7 ரூபாய். ஆக, கையிலிருந்து செலவாகும் பணம் 77 ரூபாய்.

இதை 150 ரூபாய்க்கு விற்றால் 73 ரூபாய் மிஞ்சுகிறது. ஏறத்தாழ பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும். ஆனால், செய்வதற்கு ஒன்றரை மணி நேரமும், படம் எடுக்கவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும், கட்டி அனுப்பவும் அரை மணி நேரமும் ஆகியிருந்தால், அந்த 73 ரூபாய் இரண்டு மணி நேர உழைப்பின் விலை. எட்டு மணி நேரம் கொண்ட ஒரு நாளுக்கு இது 292 ரூபாய். 2025-26 நிதியாண்டில் ஆந்திரப் பிரதேசத்துக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 307 ரூபாய். நுண்ணிய கைத்திறன் தேவைப்படும் வேலைக்கு, அதையும்விடக் குறைந்த கூலியைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

மாறாக, ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய் கூலி என்று முடிவு செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய். செலவு 77 ரூபாயையும் சேர்த்து அடக்க விலை 197 ரூபாய் ஆகிறது. அதன் மேல் கால் பங்கு லாபம் வைத்தால் விற்பனை விலை ஏறத்தாழ 250 ரூபாய். கூலியும் லாபமும் ஒன்றல்ல. கூலி செய்தவருக்குரியது; லாபம் என்பது புதிய கருவி வாங்கவும், விற்பனை மந்தமான மாதங்களைச் சமாளிக்கவும் தொழிலுக்கென ஒதுக்கப்படுவது.

கடைக்குக் கொடுக்கும்போது மாறும் கணக்கு

நேரடியாக 250 ரூபாய்க்கு விற்கும் பொருளை, ஒரு கடையில் வைத்து விற்கும்போது கணக்கு வேறாகிறது. கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் செய்தவருக்குக் கிடைப்பது 175 ரூபாய். அடக்க விலையோ 197 ரூபாய். அதாவது, ஒவ்வொரு ஜோடியிலும் 22 ரூபாய் இழப்பு. பொருள் வேகமாக விற்பனையாவதைக் கண்டு மேலும் மேலும் செய்து கொடுத்தால் இழப்பும் அதே வேகத்தில் பெருகும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கடைக்கான குறியீட்டு விலையை 285 ரூபாய்க்கு மேல் உயர்த்துவது. இரண்டாவது, நேரத்தைக் குறைப்பது. ஒரே வடிவத்தில் பத்து ஜோடிகளுக்கு ஒன்றாக மண் பிசைந்து, ஒன்றாகக் காயவைத்து, ஒன்றாகச் சுட்டு, ஒன்றாக வண்ணம் தீட்டினால் ஒரு ஜோடிக்கான நேரம் ஒரு மணியாகக் குறையக்கூடும். அப்போது அடக்க விலை 137 ரூபாயாகி, கடைக்குக் கொடுத்தாலும் 38 ரூபாய் லாபம் நிற்கும். வாடிக்கையாளர் கேட்கும் தனி வடிவங்களை நேரடி விற்பனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைகளுக்குச் சில நிலையான வடிவங்களை மட்டும் தருவது இக்காரணத்தால்தான் பலனளிக்கிறது.

தவணைக்கு விட்ட பொருள்களுக்கு ரசீது அவசியம். எத்தனை ஜோடி, என்ன விலை, எந்தத் தேதியில் பணம், விற்காத பொருள் எப்போது திரும்பும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது பின்னாளில் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

விலையில் போட்டியிட முடியாது

ஆந்திரப் பிரதேசத்திலேயே கிருஷ்ணா மாவட்டத்தின் மசூலிப்பட்டினமும் அதையொட்டிய சிலகலபூடியும் கவரிங் நகைத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் சிதம்பரம் கவரிங் நகைகள் புகழ் பெற்றவை. அச்சு, முலாம், கல் பதிப்பு என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறைகள் உள்ள இத்தகைய தொகுப்புகளில், ஒரு வடிவம் ஆயிரக்கணக்கில் தயாராகிறது. வீட்டில் இருந்து தனியொருவர் செய்யும் நகை, இவற்றோடு விலையில் போட்டியிட இயலாது.

எனவே, பெருமளவில் தயாரிக்க முடியாத ஒன்றைச் செய்வதே வீட்டுத் தொழிலுக்கு உகந்தது. புடவையின் நிறத்துக்கேற்ற வளையல், பெயரெழுத்து கோத்த மாலை, குழந்தையின் அளவுக்குச் செய்யும் நடன நகை போன்றவற்றைப் பட்டறைகள் செய்வதில்லை. இந்தப் பகுதிக்கே உரிய கைவினை மரபுகளும் இதற்குத் துணை நிற்கின்றன.

திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீகாளஹஸ்தி, எழுதுகோலால் துணியில் வரையும் கலம்காரி ஓவியத்துக்கு உலகப் புகழ் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தையலில் மிஞ்சும் கலம்காரித் துண்டுத் துணிகளை அட்டை அல்லது மரத்தட்டின் மீது ஒட்டிச் செய்யும் காதணிகளும் பதக்கங்களும் குறைந்த மூலப்பொருள் செலவில் தயாராகின்றன. சித்தூர் மாவட்டத்தின் பலமநேர் சுடுமண் கலைக்குப் பெயர் பெற்றது. ஏர்ப்பேடு அருகேயுள்ள மாதவமாலா கிராமம் மரச்சிற்பங்களுக்கு அறியப்பட்டது.

இங்கு ஒரு நேர்மை விதியும் உண்டு. அச்சிட்ட துணியில் செய்த காதணியைக் கையால் வரைந்த ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி என்று விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது மட்டுமல்ல, புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கும் இடமளிக்கும். அச்சுத் துணி என்றால் அச்சுத் துணி என்றே அட்டையில் எழுத வேண்டும்.

செம்மரம்: எச்சரிக்கை தேவை

இந்தப் பகுதியில் நகை செய்பவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய மூலப்பொருள் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம் உள்ளிட்ட மலைக்காடுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் இம்மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. வனத்துறையின் உரிய ஆவணம் இல்லாத செம்மரத்தை வைத்திருப்பதும், கொண்டுசெல்வதும், விற்பதும் குற்றமாகும். மலிவாகக் கிடைக்கிறது என்று ரசீதின்றி வாங்கும் செம்மர மணிகள், சிறு தொழிலைக் காவல் நிலையம் வரை கொண்டு செல்லக்கூடும். ரசீதும் மூலச் சான்றும் இல்லாத மர மணிகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

உலோகக் கொக்கிகளிலும் கவனம் தேவை. தோல் ஒவ்வாமைக்கு மிகப் பரவலான காரணங்களுள் ஒன்று நிக்கல். மலிவான காதணிக் கொக்கிகளில் நிக்கல் கலப்பு இருப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நகைகளிலிருந்து வெளியாகும் நிக்கலுக்கு வரம்பு விதித்துள்ளது. காதில் புண் வந்ததாக ஒரு வாடிக்கையாளர் சொன்னால், அந்தச் செய்தி உறவினர் குழுக்கள் முழுவதும் பரவும். சில ரூபாய் கூடுதலானாலும் நிக்கல் இல்லாதவை என்று விற்கப்படும் கொக்கிகளையோ, வெள்ளிக் கொக்கிகளையோ பயன்படுத்துவது நல்லது.

முலாம் பூசிய நகையைத் தங்கம் என்று தோன்றும்படி விளம்பரப்படுத்தக் கூடாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு அபராதம் விதிக்க வழி செய்கிறது. இணையவழி விற்பனையும் இதற்கு உட்பட்டதே.

சந்தை எங்கே, எப்போது?

திருமலைக்கு நாள்தோறும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்தர்கள் வருகின்றனர். ஆனால், திருமலையில் கடை வைக்கவும் கூவி விற்கவும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அனுமதி தேவை. எனவே, வீட்டுத் தொழில் செய்வோர் கீழ்த்திருப்பதியில் தொடங்குவதே எளிது. திருச்சானூர் சாலையில் உள்ள சில்பாராமம் கைவினைக் கிராமமும், ஆந்திர அரசின் லேபாக்ஷி கைவினை விற்பனை நிலையமும் விசாரிக்கத் தக்க இடங்கள். 2022இல் ரயில்வே தொடங்கிய ஒரு நிலையம் ஒரு பொருள் திட்டத்தின் கீழ், ரயில் நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் உள்ளூர்க் கைவினைப் பொருள்களுக்குச் சிறு கடைகள் ஒதுக்கப்படுகின்றன. சுய உதவிக் குழுக்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. புரட்டாசி பிரம்மோற்சவமும் நவராத்திரியும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும் காலம், கார்த்திகையில் திருச்சானூர் பத்மாவதி தாயார் பிரம்மோற்சவம், தை முதல் வைகாசி வரையிலான முகூர்த்த மாதங்கள் ஆகியவை விற்பனைக் காலம். மே மாதத்தில் திருப்பதியில் நடைபெறும் தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையின்போது ஆண்கள் பெண் வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவது மரபு. வேடத்துக்கான வளையல், மாலை, காதணிகளுக்கு அப்போது தேவை எழுகிறது. தேவஸ்தானத்தின் இசை, நடனக் கல்லூரி அமைந்துள்ள நகரம் என்பதால், நாட்டிய அரங்கேற்றத்துக்கான நகைத் தொகுப்புகளுக்கும் இங்கு வாய்ப்பு உண்டு.

ஆடி, மார்கழி போன்ற முகூர்த்தமற்ற மாதங்களில் விற்பனை குறையும். அந்த மாதங்களை நிலையான வடிவங்களைச் செய்து சேர்த்து வைக்கப் பயன்படுத்தினால், பண்டிகைக் காலத்தில் இரவு பகலாக உழைக்க நேராது. தனிப்பட்ட வடிவம் கேட்போரிடம் பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவது நல்ல நடைமுறை. பெயர் பொறித்த மாலையை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், முன்பணம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

எல்லை தாண்டினால் வரிக் கணக்கு மாறும்

சித்தூரில் இருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவுதான். திருத்தணி, வேலூர், சென்னையில் உறவினர்கள் உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆனால், ஜிஎஸ்டி சட்டத்தில் அந்த 35 கிலோமீட்டர் ஒரு முக்கிய எல்லை.

கவரிங் உள்ளிட்ட போலி நகைகளுக்கான ஜிஎஸ்டி விகிதம் 3 சதவீதம். ஆந்திரப் பிரதேசத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர்கள், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. பிற மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதாயினும் பதிவு கட்டாயம் என்பதே பொது விதி.

ஆயினும், கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு. அரசு அறிவித்த கைவினைப் பட்டியலில், விதை, மணி ஆகியவற்றால் ஆனவை உள்பட கையால் செய்த போலி நகைகளும் இடம்பெற்றுள்ளன. இவற்றைச் செய்பவர்கள், நாடு முழுவதுமான ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஜிஎஸ்டி பதிவின்றிப் பிற மாநிலத்துக்கு விற்கலாம். ஆனால், பான் எண் இருக்க வேண்டும்; அனுப்பும் பொருளின் மதிப்பு குறைவாக இருந்தாலும் இ-வே பில் எடுக்க வேண்டும். முதல் முறை அனுப்பும் முன் உள்ளூர் வரி ஆலோசகரிடமோ ஜிஎஸ்டி சேவை மையத்திலோ உறுதி செய்துகொள்வது நல்லது.

பெரிய இணையவழி விற்பனைத் தளங்களைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 1 முதல் வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவின்றி, பதிவெண் ஒன்றை மட்டும் பெற்று விற்கலாம். எனினும், இச்சலுகை சொந்த மாநிலத்துக்குள்ளான விற்பனைக்கு மட்டுமே பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

பதிவும் பயிற்சியும்

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணைக் கொண்டு மத்திய அரசின் தளத்தில் முற்றிலும் இலவசமாகப் பதியலாம். பதிவுக்குக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களை நம்பிப் பணம் செலுத்த வேண்டாம். கடன் பெறும்போதும், அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போதும் இச்சான்று உதவும்.

பயிற்சிக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை நாடலாம். ஆர்செட்டி எனப்படும் இவற்றுக்கு முன்மாதிரி, 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனமாகும். உணவும் தங்குமிடமும் உள்பட இலவசமாக நடத்தப்படும் இப்பயிற்சிகளில், அலங்கார நகை செய்வதற்கான 13 நாள் வகுப்பும் உண்டு. நகை செய்யும் முறையோடு, விலை நிர்ணயம், வங்கி நடைமுறை, திட்ட அறிக்கை தயாரித்தல் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

கடன்: முதலில் மூன்று மாதக் கணக்கு

தொடக்கத்திலேயே கடன் வாங்குவது இத்தொழிலுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. முதல் மூன்று மாதம் வரவு, செலவு, நேரம் மூன்றையும் எழுதிய பின், எந்தப் பொருள் ஓடுகிறது என்பது தெரியும். அதன் பிறகு, சூளை வாங்கவோ, மொத்தமாகச் சரக்கு எடுக்கவோ பணம் தேவைப்பட்டால் கீழ்க்கண்ட வழிகளை அணுகலாம்.

2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களில், அதாவது ஆந்திராவில் டுவாக்ரா குழு என்று அழைக்கப்படும் குழுக்களில் உறுப்பினராக இருப்போர் குழுவின் வழியே கடன் பெறலாம். ரிசர்வ் வங்கி விதிகளின்படி, குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது. நகரங்களில் மெப்மா, கிராமங்களில் செர்ப் ஆகிய மாநில அமைப்புகள் இக்குழுக்களை வழிநடத்துகின்றன.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களுக்கு உரியது. பொற்கொல்லர், குயவர், மாலை கட்டுவோர் ஆகியோர் இதில் உள்ளனர். பட்டுநூல் வளையல், மணி நகை செய்வது தனித் தொழிலாக இடம்பெறவில்லை. தகுதி உள்ளவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15 ஆயிரம் ரூபாய், இரண்டு தவணைகளில் 3 லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடன் ஆகியவை வழங்கப்படுகின்றன. குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பயன்பெறலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மேற்சொன்ன அனைத்துக்கும் அடிப்படையாக வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டுச் செலவோடு கலக்காத தனி வங்கிக் கணக்கும்தான். நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து கட்டங்கள் போதும்: தேதி, மூலப்பொருள் செலவு, செய்த நேரம், விற்ற விலை, பணம் வந்ததா என்பது. தனிக் கணக்கில் யுபிஐ வழியே வரும் தொகை, நாளை வங்கியில் கடன் கேட்கும்போது வருமானச் சான்றாகவும் அமையும்.

மாத இறுதியில் நேரக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்து, கையில் நின்ற தொகையை அதனால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்பது தெரிந்துவிடும். அது குறைவாக இருந்தால் விலையை உயர்த்தலாம், நேரத்தைக் குறைக்கலாம், அல்லது அந்த வடிவத்தையே கைவிடலாம். மூன்றும் இயலாவிட்டால், அதைப் பொழுதுபோக்காகவே மகிழ்ச்சியோடு தொடர்வதிலும் தவறில்லை. உறவினர் ஒருவர், ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே, இவ்வளவு விலையா?’ என்று கேட்கும்போது, அந்த நோட்டில் உள்ள மணிக்கணக்கே அதற்கான பதிலாக அமையும்.